இண்டைக்கு ஏலாது

ஐயா அந்தச் சொல்லைச் சொல்லும்போது முகத்தைக் கடலுக்குக் கொடுத்திருப்பார். நிற்கிற சனத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். "இண்டைக்கு ஏலாது." ஏன் ஏலாது, எப்ப ஏலும், காசு கூடத் தந்தால் ஏலுமோ என்று கேட்டால் மறுமொழி கிடையாது. நயினாதீவு இறங்குதுறையில் முப்பது வருடம் மோட்டார் வள்ளம் ஓட்டிய மனுசன் வாங்கிய ஏச்சில் பாதி அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இருக்கும். அதில் என் பங்கும் உண்டு. நான் வாய்விட்டு ஏசவில்லை. முப்பத்துமூன்று வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன். அது இன்னும் மோசம்.

எங்கள் தீவைத் தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, அங்கிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவு. அதன் அந்தத்தில் குறிகட்டுவான். ரோட்டு அங்கே முடிந்துவிடும். மிச்சம் கடல்; நல்ல நாளென்றால் இருபது நிமிடம். அம்மன் கோபுரம் இக்கரையிலிருந்தே தெரியும். மணிமேகலையின் மணிபல்லவம் இதுதான் என்று படித்தவர்கள் சொல்வார்கள், கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பெயர். சிங்களச் சனத்துக்கு இது நாகதீபம், புத்தர் வந்த இடம். அம்மனிடம் போகிறவரும் புத்தரிடம் போகிறவரும் ஒரே வள்ளத்தில்தான் ஏறவேண்டும். ஓட்டி ஏலாது என்றால் இரண்டு பேருக்கும் ஏலாது.

1982 மார்கழி. எனக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, காலை 10 மணிக்கு. அந்தக் கடிதத்தை அம்மா அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தா. நாலரைக்கே குளித்து, மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு, சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். இரவு முழுக்க வாடை பனைகளை உலுப்பியிருந்தது. முப்பது பேர் வரையில் நின்றார்கள். கடல் வெள்ளையாக முறிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடக் கடுமையான கடலில் ஐயா ஓடியதை நானே கண்டிருக்கிறேன். அணியத்தில் ஏறி நின்று கொஞ்சநேரம் பார்த்தார். இறங்கினார். சொன்னார்.

"ஐயா, நேர்முகம்..."

"தெரியும்."

அந்த ஒரு சொல்தான் எனக்குச் சுட்டது. தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஏழரை மணிபோல இன்னொருவருடைய வள்ளம் பத்துப் பன்னிரண்டு பேரோடு வெளிக்கிட்டுச் சுகமாகக் குறிகட்டுவானில் அணைந்ததாம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னா. நான் நின்றிருந்தால் அதில் போயிருக்கலாம். ஐயா ஏற்றியிருந்தால் அதற்கும் முன்னரே போயிருக்கலாம். வங்கி என்னை இரண்டாம்முறை கூப்பிடவில்லை. ஐயாவோடு ஆறு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆறு மாதம் கழிந்து கதைத்தேன்தான், ஆனால் அதைப்பற்றி மட்டும் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. 1983. அடுத்து 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துச் சனத்தை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு தீவுப்பகுதித் தாய்மார் பிள்ளை வள்ளம் ஏறினால் பிள்ளை திரும்பும்வரை அடுப்பு மூட்டாமல் இருந்தார்கள். 1987இல் நான் நோர்வேக்கு வந்தேன். குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956இலேயே இங்கே வந்தவர். காரைநகரில் படகும் குருநகரில் வலையும் செய்த சீநோர் அவர் கண்ட கனவு. அவரால் திறந்த கதவு வழியாகத்தான், ஒரு வருட மக்கள் உயர்பள்ளிப் படிப்பு என்ற பெயரில், மாணவ விசாவோடு என்னைப் போன்றவர்கள் வந்து சேர்ந்தோம். படிப்பு முடிய வேலை வடக்கே, பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில். ஹம்மர்பெஸ்ட், வார்டோ, போட்ஸ்பியோர்ட். நோர்வேக்காரரே விட்டுவிட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்த ஊர்கள்.

எனக்குக் கிடைத்தது போட்ஸ்பியோர்ட். பேரன்ட்ஸ் கடலைப் பார்த்தபடி ஒரு குடா, அதைச் சுற்றி வீடுகள், அவற்றுக்குப் பின்னால் மரமே இல்லாத மேட்டுநிலம். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் மீன் துண்டை விரித்து, வெளிச்சத்தில் முள்ளும் புழுவும் தேடி எடுக்கிற வேலை. கம்பளிக் கையுறைக்கு மேல் றப்பர் கையுறை, அதற்குள்ளும் விரல் விறைக்கும். வீட்டுக்கு "கண்காணிப்பாளர்" என்று எழுதியிருந்தேன். மீனைக் கண்காணித்தேன், பொய்யில்லைத்தானே. பதினொரு மாரிகாலம் அங்கே கிடந்துவிட்டு, 1999இல் குடும்பத்தோடு துரொம்சோவுக்கு இடம் மாறினேன்.

2016 மாசியில் ஐயா வந்தார், எழுபத்தொன்பது வயதில், தொண்ணூறு நாள் விசாவில். கோடையில் வாருங்கள் என்றுதான் கேட்டேன். "வெயிலைப் பாக்கவோ அவ்வளவு காசு குடுத்து வாறது? பனியைக் காட்டு" என்றார். அம்மா போய் மூன்று வருடம். அம்மா இருக்கும்போது வந்த நீலக் கடிதங்களின் விலாசத்தை அவர் பாடமாக்கி வைத்திருந்தார். "உந்தப் போட்ஸ்பியோர்ட்டை ஒருக்கால் பாக்கவேணும்."

மனுசி சொன்னா, கப்பலில் கூட்டிக்கொண்டு போங்கோ என்று. கரையோரக் கப்பல் துரொம்சோவிலிருந்து போட்ஸ்பியோர்ட் இறங்குதுறைக்கே போகும். கடல்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அது பிடிக்கவில்லை. கப்பலில் நானும் ஒரு சவாரிக்காரன். காரென்றால் ஓட்டி நான். மலையையும் பனியாற்றையும் பனிமேட்டையும் கடந்து, முள்ளு ரயர் போட்ட என் காரில், ஏறக்குறைய 800 கிலோமீற்றர் அவரை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வங்கி வேலை கிடைக்காத பிள்ளை என்னத்தை ஓட்டுகிறான் என்று அவர் பார்க்கவேண்டும். இப்படி அப்போது யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

காரின் பின்பெட்டியில் இடம் காணவில்லை. போட்ஸ்பியோர்ட்டில் மிஞ்சியிருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்குக் கறித்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, மனுசி சமைத்து மூடிக்கட்டிய ஆட்டிறைச்சிக் கறிச்சட்டி. எதையாவது இறக்கவேண்டும். பனி வாருகிற சவளைத் தூக்கிக் கராஜுக்குள் சாத்தினேன். மாசியில் ஒரு வடக்கத்தியான் சவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகமாட்டான். அந்த அறிவு எனக்கிருந்தது, கேட்கத்தான் மனமில்லை.

முதல்நாள் முழுக்க ஐயா சின்னப்பிள்ளை. ஸ்வென்ஸ்பிக்குப் போகிற பாதையில் முதலாவது பெரி. அதுவும் இருபது, இருபத்தைந்து நிமிட ஓட்டம்தான். எல்லாரும் உள்ளே கோப்பி குடிக்க, அவர் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நின்றார். "எங்கட குறிகட்டுவான் ஓட்டம்தான். எண்டாலும் காரையும் ஏத்திறாங்கள்." பெரி அணைகிற விதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஓட்டி கயிறு போடச் சொல்லவில்லை, எஞ்சினாலேயே கரையோடு அமத்திப் பிடித்திருக்கிறான் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். நான் அந்தப் பெரியில் நூறுதரம் ஏறியிருக்கிறேன், அதைக் கவனித்ததில்லை.

லிங்கன் மலைகள் கடலிலிருந்து நேரே எழும்பி நிற்பவை. கீழே உப்புத் தண்ணீர், அதிலிருந்து ஒரே மூச்சில் 1800 மீற்றருக்கு மேல் கல்லும் பனியும். பனையும் கோபுரமும்தான் எங்கள் தீவில் உயரம். ஐயா கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து உச்சியைத் தேடினார், கார்க்கூரை மறைத்தது. "நிப்பாட்டு" என்றார். இறங்கி, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாரம்" என்றார். அழகு என்று சொல்லுவார் என நினைத்திருந்தேன்.

ஓல்டர்டாலனில் இரண்டாவது பெரியால் இறங்கி ஈ-6 பெருந்தெருவைப் பிடித்தோம். க்வெனாங்ஸ்பியெல் மேட்டின் அடியில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. கொலொனெ. வாகனங்களை நிரைபிடித்து, முன்னால் பனியைத் தள்ளும் லொறி போக, அதன் பின்னால் ஒன்றின் விளக்கை ஒன்று பார்த்தபடி மேட்டைக் கடக்கிற முறை. மேலே காற்றடித்தால் அப்படித்தான். இன்னும் கடுமையென்றால் அதுவும் இல்லை, ரோட்டையே பூட்டிவிடுவார்கள். இரண்டு மணித்தியாலம் நின்றோம். நான் ஸ்ரேறிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். ஐயா அந்தக் கம்பத்தையும், லொறியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனையும் பார்த்தார்.

"உதைத் தூக்கிறதும் இறக்கிறதும் ஆற்ற கையில?"

"மேல கந்தோரில இருப்பாங்கள் ஐயா. உவனும் சொல்லுவான், ஏலுமோ ஏலாதோ எண்டு."

"சனம் ஏசாதோ?"

"ஏசும். ஏசிப்போட்டு நிக்கும்."

"ம்" என்றார். கொஞ்சநேரத்தால், "நல்ல உத்தியோகம்" என்றார்.

மேட்டுக்கு அப்பால் அல்தெய்டெயில் பெருந்தெருவை விட்டு யோக்கெல்பியோர்டுக்குள் திருப்பினேன். ஓக்ஸ்பியோர்ட் பனியாற்றைக் காட்டவேண்டும் என்று முதலே தீர்மானித்திருந்தேன். ஐரோப்பியப் பெருநிலத்தில் பனிக்கட்டி உடைந்து நேரே கடலுக்குள் விழுந்த கடைசிப் பனியாறு அதுதான் என்பார்கள். இப்போது பின்வாங்கி மலையோடு ஒதுங்கிவிட்டது. மைமல் வெளிச்சத்தில், குடாவின் தலைப்பில், கறுப்புக் கல்லுக்கு மேல் அழுக்கு நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான வருடம், அமுக்கம், காற்றை இழந்த பனி நீலமாகிறது என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். ஐயா கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்ல தண்ணியோ?" என்றார்.

"ஓம் ஐயா. முழுக்க நல்ல தண்ணி."

கிணற்றைத் தோண்டினால் உவர் ஊறுகிற தீவில் பிறந்த மனுசன் அந்த மலையைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அம்மா நடந்த தூரம் எனக்கும் தெரியும். "இவ்வளவும்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் காருக்குள் ஏறினார்.

அன்றிரவு அல்தாவில் படுத்து, மறுநாள் ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். லக்செல்வ், கராஸ்ஜொக், தானா ஆற்றங்கரை. மறை 20 காட்டிய வெளிப்பு, காற்றில்லை, ரோட்டு இறுகிக் கிடந்தது. ஐயா பொக்கற்றிலிருந்து புழுக்கொடியல் எடுத்து உடைத்து உடைத்துச் சப்பிக்கொண்டு வந்தார். தானாப் பாலத்தடியில் எண்ணெய் அடிக்க நின்றபோது போனில் பார்த்தேன். போட்ஸ்பியோர்ட் மேட்டில் 3 மணியிலிருந்து கொலொனெ. மணி அப்போது ஒன்றரை. கெதியாகப் போனால் கம்பம் இறங்க முதல் ஏறிவிடலாம். நேற்று இரண்டு மணித்தியாலம் கட்டிப்போட்டார்கள், இன்றைக்கு அது வேண்டாம். அங்கே ஒடியல் கூழ் காய்ச்சி வைத்துக்கொண்டு சனம் பார்த்திருக்கிறது.

ஐயா கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டியிருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"காத்து மாறுது தம்பி."

"இஞ்ச காத்தில்லை ஐயா."

"இஞ்ச இல்லை. மாறுது. நிண்டு போவமோ?"

நான் சொன்ன மறுமொழியை அப்படியே எழுதுகிறேன், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். "உங்களுக்கு உங்கட கடல் தெரியும் ஐயா. இது எனக்குத் தெரியும். பதினொரு வருசம் இருந்தனான்."

அவர் கதவைச் சாத்தினார். பிறகு ஒரு சொல் சொல்லவில்லை. ஓட்டியோடு சவாரிக்காரன் கதைக்கக் கூடாது என்பது அவர் வள்ளத்துச் சட்டம். இப்போது தன்னைச் சவாரிக்காரனாக வைத்துக்கொண்டார்.

கம்பம் நிமிர்ந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வான். அதுவும் என்னைப்போல முந்தப் பார்க்கிறது என்று சந்தோசம். மேட்டின் முதல் பத்துக் கிலோமீற்றர் நன்றாகத்தான் போனது. கிழக்கே வந்துவிட்டதால் இரண்டரைக்கே மைமல். பிறகு ரோட்டின் மேல் பாம்புகள் நெளிவதுபோல வெள்ளை வெள்ளையாக ஏதோ குறுக்கே ஓடத் தொடங்கியது. வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. கிடந்த பனியைக் காற்று கிளப்புகிறது. அரை மணித்தியாலத்துக்குள் பாம்புகள் எழும்பிச் சுவராகின. ரோட்டுக் கரையில் இரண்டு பக்கமும் நட்டிருக்கிற கம்புகளைப் பார்த்துத்தான் ஓட்டவேண்டும். முதலில் நாலு கம்பு தெரிந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. அந்த ஒன்று வலப்பக்கத்துக் கம்பா இடப்பக்கத்துக் கம்பா என்று யோசித்த கணத்தில் கார் மெத்தையில் இடித்ததுபோல மெதுவாகச் சரிந்து நின்றுவிட்டது. சத்தமில்லை. வானின் பின்விளக்கு எப்போதோ மறைந்துபோயிருந்தது.

முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பார்த்தேன், ரயர் சுழன்றது. 175க்கு எடுத்தேன். வீதித் திணைக்களத்துப் பெண்பிள்ளை நிதானமாகக் கேட்டா, எத்தனை பேர், எண்ணெய் இருக்கிறதா, கம்பளி உடுப்பு இருக்கிறதா. காரை விட்டு இறங்கி நடக்கவேண்டாம், கொலொனெயோடு லொறி வரும், எப்போது என்று சொல்லமுடியாது. சவள் இருக்கிறதா என்று கேட்டபோது ஓம் என்று பொய் சொன்னேன். ஐம்பது வயது தாண்டிய மனுசன், உயிர் போகிற நேரத்தில், முகம் தெரியாத பெண்ணிடம் மானத்துக்காகப் பொய் சொன்னேன்.

எஞ்சினை ஓடவிட்டுச் சூட்டைக் கூட்டினேன். பத்து நிமிடம் போயிருக்கும். ஐயா மூக்கை உறிஞ்சினார்.

"புகை மணக்குது."

எனக்கு மணக்கவில்லை.

"மணக்குது. நிப்பாட்டு எஞ்சினை. கண்ணாடியைத் திற."

முப்பது வருடம் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற மூக்கு. சைலன்சர் குழாய் பனிக்குள் புதைந்து, புகை காருக்கடியில் தேங்கி உள்ளே வந்துகொண்டிருந்தது. இப்படித்தான் காருக்குள் நித்திரையாகச் சனம் செத்துப்போகிறது என்று வருடத்தில் நாலுதரம் இந்த நாட்டு றேடியோ சொல்லும். நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

சவள் இல்லை. பின்பெட்டியைத் திறந்து ஆட்டிறைச்சிச் சட்டியின் மூடியை எடுத்தேன். அலுமினிய மூடி, நடுவில் கறுப்புப் பிடி. காற்று முதுகில் அறைய, ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று குழாயடியைத் தோண்டினேன். வாரியதில் பாதியைக் காற்று திரும்ப முகத்தில் எறிந்தது. குழாய் வெளித்தது. உள்ளே ஏறி, பத்து நிமிடம் எஞ்சின், பிறகு நிற்பாட்டு, பிறகு இறங்கித் தோண்டு. அப்படி ஆறேழு தரம். கார் முழுக்க இறைச்சிக்கறி வாசம். ஐயா ஒவ்வொரு தடவையும் நான் ஏறியதும் பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணியை மூடியில் ஊற்றி, ஒரு துண்டுப் பனங்கட்டியோடு நீட்டினார். ஏன் சவளை விட்டாய் என்று கேட்கவில்லை. அப்போதே நிண்டு போவம் என்றேனே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், மறுத்துக் கதைத்திருப்பேன்.

நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ, எஞ்சினை நிற்பாட்டிய இருட்டில், நான்தான் தொடங்கினேன். "ஐயா, எண்பத்திரண்டில... அந்த நேர்முகத்தண்டு."

"ம்."

"மற்ற வள்ளம் போனதுதானே."

"போனது. போய்ச் சேர்ந்தது. ஏத்தியிருந்தால் நாங்களும் போய்ச் சேர்ந்திருப்பம்."

முப்பத்துமூன்று வருடம் நான் கேட்க ஆசைப்பட்ட மறுமொழி அது. வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. காற்று காரை ஆட்டியது. ஐயா கையுறையைக் கழற்றி இன்னொரு புழுக்கொடியலை உடைத்தார்.

"அவன் அங்கால போய் அணையுமட்டும் நான் துறையில நிண்டனான். எஞ்சின் ஸ்ராட்டில. கயிறும் இரண்டு ரியூப்பும் எடுத்து வச்சபடி." சப்பி முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க வெள்ளைக்கொடி மாதிரி ஒருத்தன் சால்வையை ஆட்டினான். பிறகுதான் நிப்பாட்டினனான். வீட்டை வர நீ படுத்திருந்தாய்."

சுவர்ப்பக்கம் திரும்பி என்று அவர் சொல்லவில்லை, நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய, பின்பக்கம் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டு வந்தது. பனி லொறி. அதற்குப் பின்னால் சோடி சோடியாக விளக்குகள். சாரதி இறங்கி, மடங்கியபடி காற்றுக்குள் வந்து என் கண்ணாடியில் தட்டினான். முப்பது வயதுகூட இருக்காது. ஏசுவான் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: உங்களுக்கு முன்னால் யாராவது போனார்களா? வெள்ளை வான் என்றேன். உடனே தோளில் தொங்கிய வோக்கியை எடுத்துக் கதைத்தான். மறுபக்கத்திலிருந்து குரல் வரும்வரை, அந்தக் காற்றுக்குள், எங்கள் காரைத் தொடாமல் நின்றான். வான் அரை மணித்தியாலத்துக்கு முன்னரே ஊருக்குள் இறங்கிவிட்டதாம். அதைக் கேட்ட பிறகுதான் கயிற்றை எடுக்கப் போனான்.

ஐயாவுக்கு நோர்வேமொழி தெரியாது. "என்ன கேட்டவன்?" என்றார். சொன்னேன். அவர் குனிந்து முன் கண்ணாடியால் அந்தப் பொடியனை, கொழுவியைப் பனிக்குள் தேடிப் பிடித்துக் கயிறு கொழுவுகிறவனை, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்ஸ்பியோர்ட்டில் மூன்று நாள் நின்றோம். கூழ் ஆறிப்போய் மறுபடி சூடாக்கிக் குடித்தோம். மூடி நெளிந்துபோன சட்டியைக் கொண்டுவந்து வைக்க எல்லாரும் சிரித்தார்கள், கதையை ஐயா சொல்லவில்லை, நான் பாதிதான் சொன்னேன். தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள், வெளியே நின்று காட்டினேன். மரப்பந்தரில் தலையறுத்த கொட் மீனைச் சோடி கட்டித் தூக்கியிருந்ததைக் கண்டு, "உப்பில்லாமலோ?" என்று நம்பமாட்டாமல் தொட்டுப் பார்த்தார். குளிரும் காற்றுமே போதும் என்றேன். எங்கள் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும், இதற்கு இரண்டும் வேண்டாம். "மணக்கவும் காணேல்லை. உது கருவாடில்லை, விறகு" என்று தீர்ப்புச் சொன்னார்.

திரும்புகிற நாள் கம்பம் இறங்கியிருந்தது. காலை ஒன்பதுக்குப் போய் நிரையில் நின்றோம். பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. எனக்குப் பின்னால் நின்ற மீன் லொறிக்காரன் இறங்கி வந்து, அல்தாவில் இன்றைக்கே ஏற்றவேண்டும் என்று பனி லொறிப் பொடியனோடு கத்தினான். வேறொரு பொடியன் இவன். கத்தி முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்று, மேட்டுப்பக்கம் முகத்தைத் திருப்பி, ஏதோ இரண்டு சொல் சொன்னான். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ஐயா இறங்கினார். வழுக்காமல், காலை அகட்டி வைத்து, வள்ளத்தட்டில் நடப்பதுபோல நடந்து, நிரையின் கடைசிவரை போனார். அவருக்குக் கை காட்டியவர்களுக்கெல்லாம் கை காட்டினார். திரும்பும் வழியில் பனி லொறியடியில் நின்று, பொக்கற்றுக்குள் கைவிட்டு இரண்டு புழுக்கொடியலை அந்தப் பொடியனிடம் நீட்டினதைக் கண்டேன். அவன் மணந்து பார்த்தான், கடித்துப் பார்த்தான், பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஐயா வந்து ஏறி, கதவைச் சாத்தி, தொப்பியில் இருந்த பனியைத் தட்டினார்.

"பதினொண்டு. எங்களையும் சேத்து."

இரண்டு மணிக்குக் கம்பம் நிமிர்ந்தது. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கைவிட வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கதையில்லை. மேட்டின் மறுபக்கச் சந்தியில் லொறி ஒதுங்கியது, வாகனங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போகத் தொடங்கின. நானும் முந்த எடுத்தேன்.

"பொறு" என்றார்.

கரையில் நிற்பாட்டினேன். ஐயா ஆசனத்தில் முழங்கையை ஊன்றித் திரும்பி, பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சோடி விளக்கும் எங்களைக் கடந்து போக, உதடு அசைந்தது. கடைசியாக அந்த மீன் லொறி வந்தது.

"சரி. பதினொண்டும் வந்திட்டுது. எடு."